விசில் ஊதுகிறவர் விழுந்தால்

நனைந்த வெங்காய மூட்டை ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது. மலாக்காவின் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில், பிள்ளையார் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவே ஒரு மளிகைக் கடை. வெளியே மழை. லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவரின் தோளிலிருந்து சாக்கு நழுவி, 'தொம்' என்று விழுந்தது. ஈரமும் கனமும் உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்த சத்தம். கடையில் நின்ற எல்லாரும் மூட்டையைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பித் தெருக்கோடியைப் பார்த்தேன்.

"சத்தம் இங்கன கேக்குது, அண்ணன் அங்கன பாக்குறாக!" என்று சிரித்தார் கடைக்காரர் காதர் பாய். "யாரு, சம்மந்தி வர்றாகளா?"

"பழக்கம் பாய்."

"இது என்னா பழக்கம்? இடி இடிச்சா பூமியப் பாப்பீங்களோ?"

சிரித்து வைத்தேன். சர்க்கரையை வாங்கிக்கொண்டு மழையிலேயே நடந்தேன். தண்ணீர் குடித்த தோல்பந்து ஒரு மனிதத் தலையில் மோதினால் எழும் சத்தம் அது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் அதைக் கேட்டிருக்கிறேன். கேட்ட கணத்தில், சத்தம் வந்த திசையைப் பார்க்காமல் இருந்தேன். இத்தனை வருடம் கழித்தும் என் கழுத்து அன்று திரும்பிய பக்கமே திரும்புகிறது.

சென்ற ஆண்டுதான் கால்பந்துக் கோட்டு நடுவரின் கொடியைக் கீழே வைத்தேன். முழங்கால் இனி முடியாது என்று சொல்லிவிட்டது. பகலெல்லாம் பஸ் கம்பெனியில் வண்டிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பேன், மாலையில் திடலுக்குப் போய்விடுவேன். பஸ் கம்பெனி என் பிழைப்பு. திடல்தான் என் வேலை. சில வருடம் விசிலும் ஊதியிருக்கிறேன், ஆனாலும் என் இடம் கோடுதான். இப்போது நடுவர் சங்கத்து இளைஞர்கள் வீட்டுக்கு வந்து, ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்கிறார்கள். புது ஏற்பாடு வந்திருக்கிறதாம்: தலையில் அடிபட்ட நடுவரை டாக்டர் பார்க்காமல் ஆட்டத்தைத் தொடர விடக்கூடாது; ஆட்டக்காரனுக்கு வருகிற ஸ்டிரெச்சர் அவருக்கும் வரும். "அந்தக் காலத்துல நடுவருக்கெல்லாம் என்ன அடி விழும் சார், அதப் பத்தி எழுதுங்க" என்றார்கள்.

என்ன அடிதான் விழாது?

ஆட்டக்காரன் பந்தைத் தேடிப் போகிறவன். பந்து எந்த வேகத்தில் வரும் என்று அவன் உடம்பு முன்கூட்டியே இறுகிக் காத்திருக்கும். நடுவருக்கு அந்தச் சலுகை இல்லை. எல்லாரும் துரத்துகிற ஒன்றின் பக்கத்திலேயே இருக்கவேண்டும், ஆனால் அதற்கு வழிவிட்டுக்கொண்டே இருக்கவேண்டும். பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ கெண்டைக்காலில் கல்லால் அடித்ததுபோல் இருக்கும். கோபத்தோடு திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். உள்ளே தசை கிழிந்திருக்கும். அந்த ஆளில்லாத அடியை முதன்முதலில் வாங்கியபோது வலியைவிட வியப்புதான் எனக்கு அதிகம். என் உடம்பே எனக்குத் தெரியாமல் என்னை அடித்துவிட்டதே!

கோட்டு நடுவர் ஓடுவது முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை; நண்டு மாதிரிப் பக்கவாட்டில். கண் திடலுக்குள்ளே, கால் கோட்டின்மேல். கோட்டை ஒட்டி நிற்கிற கூட்டம், சாய்த்து வைத்த சைக்கிள்கள், விரித்த குடைகள், நீட்டிய கால்கள், அதற்குப் பின்னால் சாக்கடை. என் முதல் பருவத்தில், ஒரு முன்னணி வீரனின் தோளையே பார்த்தபடி ஓடிப்போய் ஐஸ் உருண்டை வண்டிமேல் மோதினேன். சிவப்புச் சர்பத்துப் போத்தல் என் வெள்ளைச் சட்டைமேல் கவிழ்ந்தது. "ரத்தம்! லைன்ஸ்மேன் காலி!" என்று கூட்டம் அலறியது. மயங்கி விழவிருந்தவன், உதட்டில் வழிந்தது இனித்ததால் விழாமல் நின்றேன். ஐஸ்காரர் மட்டும் அமைதியாகக் கேட்டார்: "தம்பி, பாலும் ஊத்தவா?"

அந்த ஆட்டத்தின் நடுவர்தான் தேவநாயகம் பிள்ளை. ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். சட்டையைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "நீ மோதினபோது கொடி எங்கே இருந்தது தெரியுமா?" என்று மலாயில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "தூக்கியபடியே இருந்தது. ஆப்சைட் சரி." அப்புறம்தான் சிரித்தார். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் தங்கம்.

எல்லாருக்கும் அவர் பாக் தேவா; மலாயில் பாக் என்றால் பெரியவர். காஜா பேராங் பகுதியின் சிட்டிக் குடும்பத்தவர். மலாக்கா சிட்டிகளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பல தலைமுறைக்கு முன் தமிழ் வணிகர்களாக வந்து இங்கேயே கலந்துபோனவர்கள். பெயர் தமிழ், சாமி தமிழ், வீட்டில் பேசுவது மலாய். அவருக்குத் தெரிந்த தமிழ் சாமி, பூசை, திருநீறு என்று கோயில் வாசலோடு நின்றுவிடும். பெரிய ஆட்டம் இருக்கிற நாள்களில் பிள்ளையார் கோயிலுக்குப் போய் நெற்றி நிறையப் பட்டை போட்டுக்கொண்டு வருவார். முதல் பாதி வேர்வையில் அது கரைந்து கண்ணில் இறங்கும், துடைக்கமாட்டார். அவர் பேசியதை இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். சில சொற்களை மட்டும் அவர் வாயில் இருந்தபடி விட்டுவைக்கிறேன். மாற்றினால் அவர் குரல் போய்விடும்.

ஆட்டத்துக்கு முன் அவர் செய்கிற காரியங்களை ஒரு பூசையைப் பார்ப்பதுபோல் நின்று பார்ப்பேன்.

முதலில் சப்பாத்தைக் கழற்றுவார். வெறுங்காலோடு திடல் முழுக்க நடப்பார், அவசரமே இல்லாமல், மாட்டுக் குளம்புக் குழிகளையும் புல்லுக்கடியில் ஒளிந்திருக்கிற செங்கல் துண்டுகளையும் உள்ளங்காலால் தேடிக்கொண்டு. சப்பாத்துக்குத் தெரியாதது காலுக்குத் தெரியும் என்பார். குழி அகப்பட்ட இடத்தில் நின்று என்னைக் கூப்பிட்டு, என் காலையும் அதில் வைக்கச் சொல்வார். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பள்ளத்தில் என் குதிகால் இறங்கும்போது, ஓடுகிற வேகத்தில் இறங்கியிருந்தால் கணுக்கால் என்ன ஆகியிருக்கும் என்று உடம்பு சிலிர்க்கும். மணல் கொண்டுவந்து நிரப்பச் செய்வார். பிறகு மறுபடி நடப்பார்.

அடுத்தது சப்பாத்துச் சோதனை. ஆட்டக்காரர்கள் வரிசையாகத் திரும்பி நின்று, லாடம் அடிக்கப்போகிற குதிரைபோல் ஒவ்வொரு காலாகப் பின்னால் மடக்கிக் காட்டுவார்கள். அந்தக் காலத்துச் சப்பாத்தின் அடியில் தோல்கட்டைகளை ஆணி வைத்து அடித்திருப்பார்கள். கட்டை தேய்ந்தால் ஆணி தலை நீட்டும். மற்ற நடுவர்கள் குனிந்து பார்ப்பதோடு விட்டுவிடுவார்கள். பாக் தேவா உள்ளங்கையை வைத்து அழுத்தித் தடவுவார். அவர் வலது உள்ளங்கையில் ரேகையைவிடக் கீறல்கள் அதிகம். எவன் தொடையையோ கிழித்திருக்கவேண்டிய ஆணிகள் எல்லாம் முதலில் அந்தக் கையைத்தான் கிழித்தன.

தடவிக்கொண்டே இரண்டு அணிகளுக்கும் ஒரே வாசகத்தைச் சொல்வார்: "விசில் சத்தம் கேக்குறவரைக்கும் ஆட்டம் உயிரோட இருக்கு. உங்க அப்பா விழுந்தாலும் சரி."

விசிலை அவர் வாயில் வைத்துக்கொண்டு ஓடியதில்லை. கயிற்றை இரண்டு விரலில் சுற்றி, விசிலை முஷ்டிக்குள் வைத்திருப்பார். இளமையில் வாயில் கவ்வியபடி ஓடியிருக்கிறார். பக்கத்திலிருந்து உதைத்த பந்து நேரே வந்து அந்தப் பித்தளை விசிலை உள்ளே தள்ளியது. தங்கப்பல் வந்தது அப்படித்தான். "கையில் இருந்தால் ஊத ஒரு மூச்சு நேரம் ஆகும். அந்த ஒரு மூச்சில் யோசிக்கலாம். பல்லுக்கும் நல்லது, புத்திக்கும் நல்லது."

எங்கள் இரண்டு கோட்டு நடுவர்களுக்கும் அவர் சொன்ன சட்டம் ஒன்றே ஒன்று. மறுகோட்டில் பெரும்பாலும் நிற்பவர் மலாய்ப் பள்ளி ஆசிரியர் யூசோப். சேகு யூசோப் என்போம். ஒருநாள் திடலோரம் உட்கார்ந்து கஞ்சிபோல் கெட்டியான காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தபோது பாக் தேவா சொன்னார்:

"குவா விழுந்தால், லு குவாவைப் பார்க்காதே. பந்தைப் பார்."

நான் விழுந்தால் நீ என்னைப் பார்க்காதே என்கிறார்.

"அதெப்படி பாக், ஆள் விழுந்து கிடக்கும்போது..." என்று இழுத்தேன்.

"திடலில் யார் விழுந்தாலும் நான் ஊதுவேன். ஆட்டம் நிற்கும். நான் விழுந்தால் யார் ஊதுவது? உன்னிடம் விசில் இருக்கா? கொடிதான் இருக்கு. ஆட்டம் நிற்காது. அப்போ கோல் விழுந்தால், செல்லுமா செல்லாதா என்று சொல்லவேண்டியவன் அந்தப் பக்கத்துக் கோட்டில் நிற்கிறவன். சட்டத்தில் அப்படித்தான் இருக்கு. அவன் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால்?"

சேகு யூசோப் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க விழாம இருந்தா எங்களுக்குச் சுலபம், பாக்."

அன்று சிரித்தோம். ஆனால் அந்த எண்ணம் என்னை விடவில்லை. பஸ்களுக்கு நேரம் எழுதும்போதும் திரும்பத் திரும்ப வந்தது. பந்து நடுவர்மேல் பட்டால் கோல் கம்பத்தில் பட்ட மாதிரிதான்; ஆட்டம் தொடரும். சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு கம்பம், ஒரு புல்மேடு, ரத்தம் ஓடுகிற ஒரு தரை. அத்தனை பேருக்காகவும் ஆட்டத்தை நிறுத்தக்கூடிய ஒரே மனிதருக்காக அதை நிறுத்த அங்கே ஒருவருமில்லை.

மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் விடுதலைக்கு, அடுத்த பருவம். அதுவரை நகரக் கோப்பையின் இறுதியாட்டத்துக்கு வெள்ளைக்காரர்தான் விசில் ஊதுவார். போலீசிலோ தோட்டத்திலோ அதிகாரியாக இருப்பவர். அந்த ஆண்டு அந்த அதிகாரி மூட்டை கட்டிக் கப்பலேறிவிட்டார். முதல்முறையாக நடுவர், கோட்டு நடுவர் மூன்று பேரும் ஊர்க்காரர்கள். பாக் தேவா, நான், சேகு யூசோப். இறுதியாட்டத்துக்கு வந்தவை துறைமுகத் தொழிலாளர் அணியும், காஜா பேராங் அணியும்.

துறைமுக அணியின் செயலாளர் ஆட்டத்துக்கு முந்தைய ஏற்பாட்டுக் கூட்டத்திலேயே எழுந்துவிட்டார். "காஜா பேராங் ஆட்டத்துக்குக் காஜா பேராங் ஆளே ரெஃப்ரியா? நல்ல கூத்தா இருக்கே! இதுக்கு அந்த வெள்ளக்காரனையே திரும்பக் கூப்பிட்டுக்கலாம்."

பாக் தேவா எழுந்தார். விசிலை மேசைமேல் வைத்தார்.

"ஆட்டம் முடிஞ்சதும் உங்க ஆள் ஒருத்தர், ஒரே ஒருத்தர், நான் ஓரவஞ்சனை பண்ணினேன் என்று என் முகத்துக்கு நேரே சொல்லட்டும். அன்றைக்கே இதை மலாக்கா ஆற்றில் போடுகிறேன். அப்புறம் நான் திடலுக்கு வரமாட்டேன்."

செயலாளர் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதருக்கு அந்தப் பித்தளைத் துண்டுதான் மூச்சு என்று எனக்குத் தெரியும்.

ஆட்டத்தன்று பிற்பகல் நல்ல மழை. கிளேபாங் பக்கமிருந்து வந்த கடல்காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டுபோன பிறகு, திடல் பச்சையும் பழுப்புமாய் மினுங்கியது. பாக் தேவா வெறுங்காலோடு நடந்தார், சேறு கணுக்காலைக் கவ்வ. பந்தைக் கையிலெடுத்து என்னிடம் நீட்டினார். மழைநீரைக் குடித்துக் குடித்துக் கருங்கல்போல் கனத்தது. "இன்றைக்கு இது பந்தில்லை" என்றார். திருநீறு ஏற்கெனவே மழையில் கரைந்துவிட்டிருந்தது.

சப்பாத்து வரிசையில் துறைமுகத்துக் கோல்கீப்பரின் முறை வந்தது. பெயர் சவரி. அரிசி மூட்டை தூக்குகிற, கதவு அகலத் தோள்காரர். "ரெஃப்ரி ஐயா, கூசுது" என்று காலை இழுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். பாக் தேவா காலை விடாமல் அதே வாசகத்தைச் சொன்னார்: விசில் சத்தம் கேட்கிறவரை ஆட்டம் உயிரோடிருக்கிறது.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் துறைமுகத்தின் கோல் என் பக்கம். காஜா பேராங்காரர்கள் தாக்கிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுடைய இடதுபக்க வீரனைக் கெச்சில் என்பார்கள். மலாயில் சின்னவன் என்று பொருள். பெயருக்கேற்ற உடம்பு. பந்தைப் பறிகொடுத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் அப்பால் எனக்கு முன்னே கோட்டோரம் நின்றிருந்தான்.

துறைமுகத்தின் பின்காவல்காரன் ஆபத்தைப் போக்க முழு பலத்தோடு பந்தை உதைத்தான். பாக் தேவா மிக அருகே இருந்தார். விலகத்தான் பார்த்தார், சேறு விடவில்லை.

தொம்.

என் பார்வையின் ஓரத்தில் ஒரு கறுப்புச் சட்டை மடிந்து மறைந்தது. பந்து அவர் தலையில் பட்டுத் தெறித்து, சேற்றில் ஒருமுறை குதித்துக் கெச்சிலின் காலடிக்கு உருண்டு வந்தது.

அதன்பின் நடந்ததை எந்தத் திடலிலும் நான் பார்த்ததில்லை. ஆட்டம் நிற்காமலேயே எல்லாரும் நின்றுவிட்டார்கள். கூட்டத்தின் இரைச்சல் வாய் பொத்தியதுபோல் அறுந்தது. உதைத்தவன் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டான். சவரி கோலை விட்டுவிட்டு, விழுந்து கிடந்தவரை நோக்கி ஓடினார். திடலிலிருந்த எல்லாருடைய முகமும் ஒரே புள்ளியைப் பார்த்துத் திரும்பியிருந்தது, சூரியகாந்தித் தோட்டம்போல்.

கெச்சில் மட்டும் என்னைப் பார்த்தான்.

என் கழுத்து உள்ளே திரும்பத் துடித்தது. அங்கே கிடப்பது யார் என்று எனக்குத் தெரியும். உயிர் இருக்கிறதா என்று தெரியாது. ஆனால் லு குவாவைப் பார்க்காதே. நான் பந்தைப் பார்த்தேன். கடைசியாக உதைத்தவன் துறைமுகத்து ஆள், ஆகவே ஆப்சைட் இல்லை. என் கொடி கீழேயே இருந்தது. விசில் இல்லை. கெச்சிலுக்கு அது போதும். ஓடவில்லை, கோயிலுக்குள் நடப்பதுபோல் பந்தைக் காலால் நகர்த்தி நகர்த்திக்கொண்டு போய், ஆளில்லாத கோலுக்குள் மெல்லத் தள்ளினான். பந்து முழுதாகக் கோட்டைக் கடந்து, வலையைத் தொட்டு நின்றது. சத்தமே இல்லை. அவனும் கை தூக்கவில்லை.

கோல் சரி என்றால், கோட்டு நடுவர் கோட்டோடு நடுத்திடலை நோக்கி ஓடிக் காட்டவேண்டும். ஓடினேன். உள்ளே அவர் கிடக்க, வெளியே கோட்டின்மேல் நான் ஓடினேன். அந்தச் சில எட்டுகள்போல் கனத்த எட்டுகளை என் கால்கள் அதற்கு முன்னும் வைத்ததில்லை, பின்னும் வைத்ததில்லை. ஓடி முடித்த பிறகுதான் கொடியை எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தேன்.

இடது காதிலிருந்து மெல்லிய ரத்தக்கோடு. கண் மூடியிருந்தது. சேகு யூசோப் அவர் தலையைத் தாங்கியிருந்தார். முஷ்டி மட்டும் இறுகி மூடியிருந்தது, விசில் அதற்குள்ளே. நினைவு போன உடம்பில் அந்தக் கை மட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஐஸ் உருண்டைக்காரர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, 'குட்மார்னிங்' என்று அச்சிட்ட தன் துண்டில் ஐஸைச் சுற்றி நெற்றியில் வைத்தார்.

சவரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மனுசன் செத்துக் கெடக்கான். நீ பந்தப் பாத்துக்கிட்டு ஓடுற! நீயெல்லாம் ஒரு ஆளாய்யா?"

இன்றும் அந்தக் கேள்வி கேள்வியாகவே இருக்கிறது.

பாக் தேவாவின் கண் திறந்தது. மேகம் கலைந்த வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முதல் பேச்சு: "போலா மானா?"

பந்து எங்கே?

"வலைக்குள்ளே, பாக்."

"யார் விசில் ஊதினது?"

"யாரும் ஊதலை."

முஷ்டியைப் பிரித்து, விசில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "நீ என்ன பார்த்தே? முழுசாச் சொல்."

சொன்னேன். துறைமுகத்து ஆள் உதைத்தார், உங்கள்மேல் பட்டது, கெச்சிலிடம் வந்தது, ஆப்சைட் இல்லை, கை படவில்லை, பந்து முழுக்கக் கோட்டைக் கடந்தது. "ஆனா பாக், கோல்கீப்பர் கோலில் இல்லை. உங்களைத் தூக்க ஓடிவந்துட்டார்."

சுற்றிலும் துறைமுகத்துக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய செயலாளர், குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி. இந்தக் கோலைக் கொடுத்தால் சொந்த ஊருக்குக் கொடுத்ததாக ஆகும். விசில் ஆற்றில்தான். கொடுக்காமல் விட்டால் யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். மனுசன் என்றுகூடச் சொல்வார்கள். பாக் தேவா சேகு யூசோப்பின் தோளைப் பிடித்து எழுந்தார். ஒருமுறை தள்ளாடினார். சவரியின் முன்னால் போய் நின்று கையை நீட்டினார். சவரி குழம்பிப்போய்க் கையைக் கொடுத்தார்.

"தெரிமா காசே" என்றார் பாக் தேவா. நன்றி. அந்தக் கையை விடாமலேயே, இன்னொரு கையால் நடுத்திடலைக் காட்டினார். "கோல்."

ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னார். நன்றி குறையவில்லை, கோலும் குறையவில்லை. என் வாழ்நாளில் எத்தனையோ தீர்ப்புகளைத் திடலிலும் வெளியிலும் பார்த்திருக்கிறேன். அவ்வளவு நேராக நின்ற ஒன்றைப் பார்க்கவில்லை. சவரி பிடிபட்ட தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோலுக்குத் திரும்பி நடந்தார்.

மீதி ஆட்டத்தைப் பாக் தேவாவே நடத்தினார். இன்று அதை அனுமதிக்கமாட்டார்கள். அனுமதிக்கவும் கூடாது, இளைஞர்களே, தலையில் அடிபட்டால் உட்காருங்கள், அதில் வீரம் வேண்டாம். அன்று அப்படிச் சொல்ல ஆளில்லை. ஒரு பக்கத்துச் சத்தம் கேட்காததால் தலையை அந்தப் பக்கமாகத் திருப்பித் திருப்பி ஓடினார், ஒற்றைச் சிறகுப் பறவைபோல். துறைமுகத்தார் வெறியோடு தாக்கினார்கள்; கோல் விழவில்லை. கடைசி விசிலை ஊதி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அவரைத் தூக்கி மூன்று சக்கர ரிக்‌ஷாவில் வைத்தது சவரிதான். தானும் பக்கத்தில் ஏறிக்கொண்டு அவர் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் சைக்கிளில் ஒட்டிக்கொண்டே போனேன். பாதி வழியில் சவரி என்னைப் பார்த்துச் சொன்னார்: "கோலு குடுத்தது சரிதான். நாந்தான் கோல விட்டுட்டு வந்தேன். கூசுதுன்னு சொன்னப்பகூட அந்தாளு அதத்தான் சொன்னாரு."

"ஆமாண்ணே."

"ஆனா உன்ன எனக்குப் புடிக்கல."

"சரிண்ணே."

"பாத்து ஓட்டு, சாக்கட இருக்கு."

மறுநாள் மாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சவரி எனக்கு முன்பே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஆரஞ்சுப் பழங்கள். பாக் தேவாவின் தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு. செவிப்பறை கிழிந்துவிட்டது, அந்தக் காது இனி கேட்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"விசில ஆத்துல போட வேணாங்கய்யா" என்றார் சவரி, தமிழையும் மலாயையும் பிசைந்து, கேட்கிற காதின் பக்கம் குனிந்து. "எங்க ஆளுங்க ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. செயலாளரும் சொல்லல. நான் கேட்டுட்டுத்தான் வந்தேன்."

பாக் தேவா தலையணையில் தலையை மெல்ல அசைத்தார். "ஒரு காதில் திடல் பாதிதான் கேட்கும். பாதித் திடலுக்கு விசில் ஊத முடியாது." துக்கமாகச் சொல்லவில்லை. மழையில் திடல் ஆடத் தகுதியில்லை என்று அறிவிப்பாரே, அந்தக் குரலில் சொன்னார். ஆற்றுக்குப் போகாத விசிலைக் காது வாங்கிக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஊதவேயில்லை.

பார்வையாளர் நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. சவரி பழங்களை வைத்துவிட்டு எழுந்தார். நானும் எழுந்தேன். பாக் தேவா என் மணிக்கட்டைப் பிடித்து, வலது பக்கத்துக்கு வரச் சொன்னார். அந்தக் கீறல் விழுந்த உள்ளங்கை சொரசொரப்பாகச் சுட்டது.

"குவா விழுந்தபோது, லு குவாவைப் பார்த்தியா?"

சவரி வாசலில் நின்றுவிட்டார்.

"இல்லை பாக். பார்க்கலை."

தங்கப்பல் இரண்டும் தெரிந்தன.

"பாகுஸ்" என்றார். நல்லது. பிடியை விடவில்லை. "நாளைக்கு வா. நாளைக்கு என்னைப் பார்."